கொள்ளிடத்தின் வடகரை: அரியலூர் நினைவுகள்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பு என்னும் இடத்தில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே செல்லும் கிளை காவிரி என்ற பெயரையே தாங்கிக் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து பல ஆறுகளாகவும் வாய்க்கால்களாகவும் பிரிந்து தஞ்சை வயல்களுக்குள் மறைந்துபோக, வடக்கே செல்லும் கிளை கொள்ளிடம் என்ற பெயரில், வெள்ளக் காலத்தில் மிஞ்சும் நீரைக் கடலுக்குக் கொண்டுசேர்க்கும் அகன்ற வடிகாலாக ஓடுகிறது. தென்புறத்து நிலத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை ஏராளம். அதன் வாய்க்கால், படித்துறை, சங்கீதம், சாப்பாடு என ஒன்றுவிடாமல் கதைகளில் இடம்பெற்றுவிட்டன. கொள்ளிடத்தின் வடகரையிலிருந்து பச்சைமலை வரை மெல்ல உயர்ந்துசெல்லும் நிலத்துக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. இன்று பெரம்பலூர், அரியலூர் என இரண்டு மாவட்டங்களாக உள்ள அந்நிலத்தின் நடுவே, மருதையாற்றுக்கு அருகில், அரியலூர் நகரம் அமைந்திருக்கிறது. அந்நகருக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் வெவ்வேறு காலங்களில் சென்றுவந்த ஒருவரின் நினைவுகளை வட்டார வரலாற்றோடு வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். கட்டுரையாளர் என்று இதில் குறிக்கப்படுபவர் அவரே.

கட்டுரையாளரின் தொடக்க நினைவுகள், அரியலூர் இன்னும் தனி மாவட்டமாகாத காலத்தைச் சேர்ந்தவை. பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டம் 1995இல் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது பெரம்பலூர் ஒரு மாவட்டத்தின் தலைநகராயிற்று. அரியலூர் அதன் கீழ் வந்தது. 2001இல் அரியலூர் தனி மாவட்டமாக்கப்பட்டு, மறு ஆண்டே பெரம்பலூருடன் திரும்பவும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் பிரிக்கப்பட்டது. இப்படிச் சேர்வதும் பிரிவதுமாக இருந்த ஆண்டுகளில், ஒரு பட்டா மாறுதலுக்கோ சான்றிதழுக்கோ எந்த ஊர் அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதே பேருந்து நிலையத் தேநீர்க்கடைகளில் தீராத பேச்சாக இருந்தது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்டத்தில் 5,65,223 பேரும் அரியலூர் மாவட்டத்தில் 7,54,894 பேரும் இருந்தனர். அரியலூர் நகராட்சியின் மக்கள்தொகை 30,000ஐக்கூட எட்டவில்லை. நகரம் என்ற சொல்லுக்குரிய பரபரப்பை எதிர்பார்த்துச் செல்பவருக்கு அது ஒரு பெரிய கடைத்தெருவாகவே தோன்றும். ஆனால் சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான கிராமங்களுக்கு விதையும் உரமும் துணியும் மருந்தும் அங்கிருந்துதான் சென்றாக வேண்டும்.

அரியலூரை அடைய இரண்டு முக்கிய வழிகள் உண்டு. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குச் செல்லும் ரயில்பாதை ஒன்று. கடலோரமாகக் கும்பகோணம், தஞ்சாவூர் என்று சுற்றிச்செல்லும் பழைய பாதைக்குக் குறுக்குவழியாக அமைந்ததால் இது ‘கார்டு லைன்’ எனப்படுகிறது. மற்றொன்று, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் பெரம்பலூரில் இறங்கி, கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பேருந்தில் வருவது. நெடுஞ்சாலை பெரம்பலூருக்கும் ரயில் அரியலூருக்கும் வாய்த்திருப்பதால், இரண்டு ஊர்களும் ஒன்றில்லாமல் மற்றொன்று முழுமையடையாத நிலையில் நெடுங்காலம் இருந்துவந்தன. நிலத்தைப் புரிந்துகொள்ள விரும்புபவருக்கு இரண்டாவது வழியே ஏற்றது என்பது கட்டுரையாளரின் அனுபவம். ஏனெனில் அவ்வழியில் மேட்டிலிருந்து பள்ளத்துக்கும், மானாவாரியிலிருந்து, அதாவது மழையை மட்டும் நம்பிய வேளாண்மையிலிருந்து, ஏரிப் பாசனத்துக்கும், பின்னர் ஆற்றுப் பாசனத்துக்கும் நிலம் படிப்படியாக மாறுவதைக் கண்ணால் காண முடியும்.

பெரம்பலூர்ப் பகுதியின் மேட்டுநிலத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் முதன்மைப் பயிர்கள். வேப்பந்தட்டையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இயங்குவதே இங்குள்ள கரிசல் மண்ணுக்கும் பருத்திக்கும் உள்ள உறவுக்குச் சான்று. செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காயத்துக்கு வெளிச்சந்தைகளில் தனி மதிப்பு உண்டு. அறுவடை முடிந்ததும் விலை படிந்திருந்தால் உழவர்கள் வெங்காயத்தை விற்காமல் ‘பட்டறை’ போடுகிறார்கள். தரையில் கல்லை அடுக்கி, அதன்மேல் குச்சிகளைப் பரப்பி மேடையாக்கி, பக்கங்களில் படல் கட்டி, தாளோடு உலர்த்திய வெங்காயத்தை உள்ளே கொட்டி, மேலே ஓலையோ கரும்புத் தோகையோ வேய்ந்துவிட்டால், அடியிலும் பக்கத்திலும் காற்றுப் புகுந்து புறப்பட, வெங்காயம் சில மாதங்கள் அழுகாமல் இருக்கும். வயலோரங்களில் ஆள் உயரத்துக்கு வரிசையாக நிற்கும் இப்பட்டறைகளின் அருகே சென்றால், காரமும் புழுங்கலும் கலந்த வாடை முகத்தில் அடிக்கும். பட்டறைக்குள் கையை நுழைத்து நடுவில் சூடு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது அங்குள்ள பெண்களின் அன்றாட வேலைகளுள் ஒன்று. சூடு தெரிந்தால் அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். அன்றே பட்டறையைப் பிரித்து, கெட்டதைக் கழித்து, மீதியை அள்ளிக் கட்ட வேண்டும். மழையும் விலையும் ஒருசேரக் கைகொடுக்கும் ஆண்டுக்காகக் காத்திருக்கும் மேட்டுநில வேளாண்மையின் இயல்பு முழுவதும் அந்தப் பட்டறையில் அடங்கியிருக்கிறது.

இந்நிலத்தின் சொந்த ஆறு மருதையாறு. பச்சைமலையில் தோன்றி, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைக் கடந்து கொள்ளிடத்தில் கலக்கும் இது காட்டாறு வகையைச் சேர்ந்தது. அதாவது, மலையில் பெய்யும் மழையளவுக்கே நீர் ஓடும், மழை நின்றால் சில நாட்களில் வறண்டுவிடும். ஆண்டின் பெரும்பகுதியில் பாலத்தின் மேலிருந்து பார்த்தால் சீமைக்கருவேல முட்களும் ஆங்காங்கே தேங்கிய குட்டைகளும் மட்டுமே தெரியும் இந்த ஆறுதான், இந்திய அரசியல் வரலாற்றில் இடம்பெற்ற ஒரு பேரிடருக்குக் காரணமாயிற்று. 1956 நவம்பர் 23 விடியற்காலையில், பெருமழையால் வெள்ளம் புரண்டோடிய மருதையாற்றுப் பாலத்தில், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்றுகொண்டிருந்த விரைவு ரயிலின் எஞ்சினும் பல பெட்டிகளும் ஆற்றுக்குள் விழுந்தன. ஏறத்தாழ 150 பேர் உயிரிழந்தனர். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி தார்மிகப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். துணை அமைச்சர் ஓ. வி. அழகேசனும் விலகினார். பொறுப்புணர்வுக்கு எடுத்துக்காட்டாக அந்தப் பதவி விலகல் இன்றும் மேடைதோறும் பேசப்படுகிறது. விபத்து நடந்த ஊரின் பெயர் அப்பேச்சில் பெரும்பாலும் வருவதில்லை. அரியலூர்வாசிகளுள் மூத்தவர்கள் அந்நாளைத் தங்கள் பெற்றோர் சொன்னபடி நினைவுகூர்வதைக் கட்டுரையாளர் கேட்டிருக்கிறார். அவர்கள் சொல்லில் அமைச்சர்கள் இல்லை, மாட்டு வண்டிகளில் ஏற்றிவரப்பட்ட உடல்களும், விவரம் அறிய நிலையத்தில் குவிந்த வெளியூர் உறவினர்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றிய வீடுகளும் இருந்தன. மாவட்டம் இரண்டாம் முறை பிரிக்கப்பட்டதும் அதே நவம்பர் 23இல் என்பது தற்செயல்.

நகரின் பழமை பாளையக்காரர் காலத்தைச் சேர்ந்தது. விசயநகர, நாயக்கர் ஆட்சிகளில் ஒரு பகுதியின் வரியையும் காவலையும் ஏற்றுப் படை வைத்திருந்த தலைவர்களே பாளையக்காரர்கள். அரியலூரை ஆண்டவர்கள் மழவராயர்கள். பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில் அது ஜமீனாகச் சுருங்கியது. நகரில் உள்ள கோதண்டராமசாமி கோயில் மண்டபத் தூண்களில் திருமாலின் பத்து அவதாரங்களும் ஆளுயரச் சிற்பங்களாக நிற்கின்றன. ஊருக்குள் வந்துபோகும் பெரும்பாலோர் கடைத்தெருவோடு திரும்பிவிடுவதால், பட்டப்பகலில்கூட அம்மண்டபத்தில் வௌவால்களின் சலசலப்பைத் தவிர வேறு ஓசை இல்லாதிருந்ததைக் கட்டுரையாளர் கண்டிருக்கிறார்.

இந்நகரின் கடந்த காலத்துக்கு எழுத்தில் உள்ள மிகச் சிறந்த சாட்சி உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த அத்தன்வரலாற்றில், சங்கீத வித்துவானாகிய தந்தையார் வேங்கடசுப்பையர் ஜமீன் ஆதரவை நாடி அரியலூரில் குடியிருந்ததும், அங்குச் சடகோபையங்கார் என்னும் ஆசிரியரிடம் பாடம் கேட்டபோது தமக்குத் தமிழில் சுவை பிறந்ததும் விரிவாகச் சொல்லப்படுகின்றன. பிறகு குடும்பம் பிழைப்புக்காக ஊர் ஊராகப் பெயர்ந்தபோது, பெரம்பலூர் வட்டாரத்துக் குன்னத்திலும், செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடமும் அவருடைய கல்வி தொடர்ந்தது. யாப்பிலக்கணத்தை அவர் கற்றது செங்கணத்தில்தான். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாயூரத்துக்குப் போய்ச் சேருமுன், பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த அந்தப் பேரறிஞரை உருவாக்கியவை இவ்வறண்ட சீமையின் திண்ணைகளே. தஞ்சையும் கும்பகோணமும் அவரைச் சொந்தம் கொண்டாடும் அளவுக்கு அரியலூர் கொண்டாடவில்லை. ‘என் சரித்திர’த்தின் தொடக்க அத்தியாயங்களைப் படித்துவிட்டு இவ்வூர்களுக்குச் செல்பவர், ஓர் ஊரில் ஓர் ஆசிரியர் இருப்பதைக் கேள்விப்பட்டால் அங்கே குடியேறிவிடும் குடும்பத்தின் நிலையையும், அந்த ஆசிரியர்களின் வறுமையையும் புரிந்துகொள்ள முடியும்.

மேலே சொன்ன வரலாறு சில நூற்றாண்டுகளுக்குள் அடங்குவது. இந்நிலத்தின் அடியில் கிடப்பதோ பல கோடி ஆண்டுகளின் வரலாறு. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் உடைந்து இந்தியா விலகத் தொடங்கியபின், கடல் இப்பகுதிக்குள் புகுந்தது; பின்வாங்குவதும் மீண்டும் புகுவதுமாகப் பல கோடி ஆண்டுகள் அது இங்கே நிலைத்திருந்தது. அக்கடலின் அடியில் படிந்த வண்டலும் சிப்பிகளும் இறுகிப் பாறைகளாயின. இவற்றைப் புவியியலாளர்கள் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரிக்கின்றனர். எச். எப். பிளான்போர்டு 1862இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் இந்த அடுக்குகள் வகுக்கப்பட்டன. அடுத்து வந்த பெர்டினாண்டு ஸ்டோலிஸ்கா இங்குக் கிடைத்த உயிரினப் புதைபடிமங்களை, அதாவது கல்லாக மாறிய உடற்பகுதிகளை, விரிவாக விளக்கினார். அதனால் தமிழ்நாட்டில் பலருக்கும் ரயில் நிலையப் பெயராக மட்டும் தெரிந்த அரியலூர், உலகெங்கும் உள்ள தொல்லுயிரியல் மாணவர்களுக்குப் பாடநூற் பெயராக நெடுங்காலமாகப் பழகியிருக்கிறது.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில், ஓடையொன்றில் கிடக்கும் கல்மரத்தைக் காணச் செல்வோர் இன்று மிகுதி. ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள அந்த அடிமரம், பூக்கும் தாவரங்கள் பரவுவதற்கு முற்பட்ட ஊசியிலை வகையைச் சேர்ந்தது. ஆற்றில் அடித்துவரப்பட்டுக் கடலடி மண்ணில் புதைந்து, மரத்தின் ஒவ்வோர் இழையிலும் கனிமம் ஏறிக் கல்லாயிற்று. புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் இதனை ஆய்வுலகுக்கு அறிவித்தார். இப்போது அது தேசிய புவியியல் நினைவுச்சின்னமாகக் காக்கப்படுகிறது. ஆனால் கட்டுரையாளரின் நினைவில் ஆழப் பதிந்தது, சாத்தனூருக்கு அருகே உள்ள காரை கிராமத்துப் பாழ்நிலம். மழைநீர் அறுத்த நூற்றுக்கணக்கான ஓடைகளால் செம்பழுப்பும் சாம்பலுமாக மடிந்து கிடக்கும் அக்களிமண் மேட்டில் ஒரு புல்கூட எளிதில் முளைப்பதில்லை. குனிந்து பார்த்தால் தரையெங்கும் ஜிப்சத் தகடுகள் வெயிலில் கண்ணாடிச் சில்லுகளாக மின்னும்; அவற்றினிடையே விரல் நீளத்தில், ஒரு முனை கூர்ந்து, துப்பாக்கிக் குண்டு வடிவில் பழுப்பு நிறக் கற்கள் கிடக்கும். அவை கணவாய் மீனின் தொல் உறவினங்களாகிய பெலெம்நைட்டுகளின் உள்ளோடுகள். கையில் எடுத்தால் வழவழப்பாக, அளவுக்கு மீறிய கனத்துடன் இருக்கும். ஆட்டுமந்தைகள் அவற்றை மிதித்தபடி கடந்துசெல்ல, ஆடு மேய்க்கும் சிறுவர்கள் அவற்றைக் குறிபார்த்து எறிந்து விளையாடிக்கொண்டிருந்தனர்.

இப்பகுதியின் புதைபடிமங்களுக்கு வியப்பூட்டும் கதைகளும் உண்டு, வீண் பரபரப்பும் உண்டு. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த பேரளவிலான எலும்புகளை ஆராய்ந்து, யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவர் 1987இல் பிருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டனர். உலகின் மிகப் பெரிய டைனோசர்களுள் ஒன்றாக அது இருந்திருக்கலாம் என்று கருதப்பட்டபோதும், அந்த எலும்புகள் மழையில் சிதைந்து அழிந்துவிட்டதால் அதனை உறுதிசெய்ய இன்று வழியில்லை. மாறாக, 2020இல் குன்னத்தில் ஓர் ஏரியில் மண் எடுத்தபோது கிடைத்த உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் என்று கைப்பேசிகளில் பரவியபோது, அவை அம்மோனைட் என்னும் சுருள்கூட்டுக் கடலுயிரியோடு தொடர்புடைய கற்படிவுகளே என்று வல்லுநர்கள் விளக்க வேண்டியதாயிற்று. அரியலூர் மாவட்டத்து வாரணவாசியில் அமைந்துள்ள புதைபடிம அருங்காட்சியகம் இத்தகைய குழப்பங்களைத் தீர்ப்பதற்குப் பொருத்தமான இடம்.

அந்தத் தொல்கடலின் சிப்பிகளே இன்று அரியலூரின் பெருந்தொழிலுக்கு மூலப்பொருள். கல்லங்குறிச்சிப் பகுதியின் சுண்ணாம்புக்கல், சிப்பி ஓடுகள் செறிந்து இறுகியது; அதனைக் களிமண்ணோடு அரைத்து, சுழலும் உலையில் 1,450 டிகிரி செல்சியஸ் அளவு சூடேற்றினால் கிளிங்கர் என்னும் கட்டிகள் உருவாகும்; அவற்றைச் சிறிது ஜிப்சம் சேர்த்துப் பொடித்தால் சிமெண்ட். அரசு நிறுவனமான தமிழ்நாடு சிமெண்ட்ஸ் 1979இல் அரியலூரில் ஆலை தொடங்கியது; தனியார் ஆலைகள் பின்னர்ப் பெருகின. வேலைவாய்ப்பும் வாடகை வருமானமும் லாரித் தொழிலும் இவற்றால் வளர்ந்தன என்பது உண்மை. சாலையோர வேம்புகளின் இலைகள் பச்சையை இழந்து சாம்பல் பூத்ததும், சுண்ணாம்புக்கல் லாரிகளின் வேகத்துக்கு அஞ்சிப் பள்ளிப் பிள்ளைகளைச் சாலை கடத்திவிட ஊர்ப் பெரியவர்கள் நிற்க நேர்ந்ததும் அதே அளவுக்கு உண்மை. கல் தோண்டி முடிந்த சுரங்கங்களில் மழைநீர் தேங்கி, பசும்நீல நிறத்தில் ஆழமான குளங்களாகக் கிடக்கின்றன. அவற்றைச் சுற்றிலும் உள்ள கிராமங்களில் கோடையில் கிணறுகள் வற்றிவிடுவதைக் கண்டவர்களுக்கு, அந்த நீரை வயலுக்கும் கால்நடைக்கும் முறையாகக் கொண்டுவர ஏன் முடியாது என்ற கேள்வி எழாமல் இராது.

அதே கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாள் கோயிலும் இருக்கிறது. கருவறையில் வழக்கமான திருமேனிக்குப் பதிலாக, அனுமன் உருவம் அமைந்த நெடிய கற்கம்பமே பெருமாளாக வழிபடப்படுகிறது. உழவர்கள் தங்கள் விளைச்சலில் முதல் பங்கை, அது நெல்லோ கம்போ மல்லாட்டையோ முந்திரியோ, இங்குக் கொண்டுவந்து செலுத்துகின்றனர். ஈன்ற பசுவின் கன்றையும் நேர்ந்துவிடுவதுண்டு. பங்குனியில் இராமநவமியை ஒட்டி நடக்கும் திருவிழாவின்போது தானியக் குவியல்களைப் பார்த்தால், அவ்வாண்டு எந்தப் பயிர் நன்றாக வந்தது, எது பொய்த்தது என்று புள்ளிவிவரம் இல்லாமலே சொல்லிவிடலாம். ஒரு வறட்சி ஆண்டில் அங்கே சென்றிருந்த கட்டுரையாளர், நெல்லின் குவியல் சிறுத்து, கம்பும் சோளமும் மிகுந்திருந்ததைக் கண்டார். நேர்த்திக்கடனை எந்தப் பயிரைக் கொண்டேனும் தீர்த்துவிட வேண்டும் என்பதில் மட்டும் குறைவில்லை.

அரியலூரிலிருந்து தஞ்சாவூருக்குச் செல்லும் சாலை தெற்கே இறங்க இறங்க நிலத்தின் தோற்றம் மாறுகிறது. கீழப்பழுவூர், மேலப்பழுவூர், கீழையூர் ஆகியவை பழுவேட்டரையர்களின் தலைமையிடமாக விளங்கிய ஊர்கள். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ வழியாக அப்பெயரை அறிந்தவர்களுள் சிலரே கீழையூரின் இரட்டைக் கற்றளிகளைத் தேடி வருகின்றனர். இப்பகுதி வயல்களின் உயிர்நாடி புள்ளம்பாடி வாய்க்கால். திருச்சிக்கு மேற்கே காவிரியின் வடகரையில் பிரிந்து, மேட்டுநில விளிம்பை ஒட்டி வந்து, வழியெங்கும் ஏரிகளை நிரப்பிச் செல்லும் இவ்வாய்க்கால், வடகரைக்குக் காவிரியில் கிடைத்த சிறு பங்கு. அதன் நீர் சென்றுசேரும் ஏரிகளுள் ஒன்றான கரைவெட்டி, 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 சனவரியில் ராம்சார் தலமாகவும் ஏற்கப்பட்டது. ஈரநிலங்களைக் காக்க 1971இல் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் உருவான உலக உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெறுபவையே ராம்சார் தலங்கள். இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் மார்கழி, தை மாதங்களில் இங்குக் கூட்டமாக இறங்குகின்றன. மேட்டூர் அணையின் திறப்பு தாமதமாகும் ஆண்டில் ஏரி பாதியும் நிரம்பாது. அப்போது பறவைகள் வேறு நீர்நிலை தேடிப் போய்விடும், ஆயக்கட்டு உழவர்கள் போக முடியாது.

சாலையின் முடிவில் திருமானூரில் கொள்ளிடம் வருகிறது. பாலத்தின் மேலிருந்து காணும்போது அதன் அகலமே முதலில் திகைக்க வைக்கும். கோடையில் கண்ணுக்கெட்டிய தூரம் மணலும் நாணலுமாகவும், மணலில் கையால் தோண்டிய ஊற்றில் பெண்கள் குடத்துக்கு நீர் மொண்டுகொண்டிருப்பதாகவும் இருக்கும் அதே ஆறு, மேட்டூர் நிரம்பி வழியும் ஆடியில் கரைக்குக் கரை செந்நிற வெள்ளமாகப் பாயும். 2018 ஆகஸ்டில் அத்தகைய வெள்ளத்தின்போதுதான் முக்கொம்பில் கொள்ளிட மதகுகளுள் ஒன்பது இடிந்து விழுந்தன. வடகரை உழவர்கள் இந்த வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது கூறுவது ஒன்றே: ஆறு நிரம்பினாலும் அது தங்கள் வயலுக்கு ஏறாது, மீறி ஏறினால் பயிரை அழிக்கவே ஏறும். தென்கரைக்குக் காவிரியின் கிளைகள் நீர் தருகின்றன. கொள்ளிடத்தின் கீழணையில் தேக்கப்படும் நீரும் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போய், 2004 முதல் சென்னையின் குடிநீராகவும் ஆகிறது. அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் கொள்ளிடம் தருவது பெரும்பாலும் மணற்படுகைக் கிணறுகளிலிருந்து குழாய்களில் ஏற்றப்படும் குடிநீரே. அந்த மணலையும் அள்ளிவிட்டால் ஊற்றும் கிணறும் சேர்ந்து போகும் என்பதாலேயே மணல் குவாரிகளுக்கு எதிரான போராட்டங்கள் இக்கரையில் திரும்பத் திரும்ப எழுந்தன.

ஆற்றங்கரையில் திருமழபாடி வைத்தியநாத சுவாமி கோயில் இருக்கிறது. திருவாலம்பொழிலில் தங்கியிருந்த சுந்தரரின் கனவில் இறைவன் தோன்றி, மழபாடிக்கு வர மறந்துவிட்டாயா என்று கேட்டதாகவும், அவர் விழித்தெழுந்து ஆற்றைக் கடந்து வந்து பதிகம் பாடியதாகவும் பெரிய புராணம் கூறுகிறது. தென்கரையோடு நின்றுவிடும் வழக்கம் அவ்வளவு பழையது போலும்! பங்குனிப் புனர்பூசத்தில் இங்கு நடைபெறும் நந்தி திருமணத்துக்கு மாப்பிள்ளை வருவது தென்கரைத் திருவையாற்றிலிருந்து. நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்ற நம்பிக்கையோடு, திருமண வயதில் பிள்ளைகளை வைத்திருப்போர் இரு கரைகளிலிருந்தும் திரள்கின்றனர். கிழக்கே சிறிது தொலைவில் ஏலாக்குறிச்சி. இத்தாலியில் பிறந்து தமிழ்ப் புலவராகிய வீரமாமுனிவர், அரியலூர் மழவராயரின் ஆதரவோடு இங்கு அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பி, ‘திருக்காவலூர்க் கலம்பகம்’ என்னும் சிற்றிலக்கியமும் பாடினார். தேவாரப் பதியும் கலம்பகம் பெற்ற மாதா கோயிலும் ஒரே ஆற்றங்கரையில் அருகருகே அமைந்திருந்தும், இரண்டையும் ஒருசேரப் பார்த்துச் செல்வோர் அரிது.

மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், செம்மண்ணும் முந்திரித் தோப்புகளும் நிறைந்த செயங்கொண்டத்துக்கு அப்பால், முதலாம் இராசேந்திரன் அமைத்த கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. காவிரியின் தென்புறத்திலேயே இருந்துவந்த சோழர் தலைநகரை வடகரைக்கு மாற்றிய அரசன், ஆறு ஏறாத நிலத்துக்குச் சோழகங்கம் என்னும் பேரேரியை வெட்டினான். அது இன்று பொன்னேரி என வழங்குகிறது. ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம் ஒரு பேரரசு இங்கிருந்து நடந்தது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, அப்பெருங்கோயிலின் சுற்றுச்சுவர்க் கற்கள் பெயர்த்தெடுத்துச் செல்லப்பட்டன. வடகரையின் கல், பிறர் வயலுக்கு நீர் தேக்கப் பயன்பட்டது. அது முதல் முறையும் இல்லை, கடைசி முறையும் இல்லை.

இந்நினைவுகளைத் தொகுத்துப் பார்க்கும்போது கட்டுரையாளர் வந்தடையும் முடிவு ஒன்று உண்டு. ஒரு நதியின் பண்பாட்டை நீர் பாயும் கரையை மட்டும் கொண்டு எழுதுவது பாதிக் கணக்கே. நீர் ஏறாத கரையில் மனிதர் ஏரி வெட்டியதும், பட்டறை போட்டதும், ஊற்றுத் தோண்டியதும், வறுமையிலும் தமிழ் கற்பித்ததும் அதே நதியின் வரலாறுதான். அரியலூரில் கல் இருக்கும்வரை ஆலைகள் ஓடும். கல் தீர்ந்தபின் எஞ்சப்போவது குழிகளும் ஏரிகளும் வயல்களுமே. ஆகவே, குத்தகை முடிந்த சுரங்கங்களை நீர்த்தேக்கங்களாக்கி ஊராரிடம் ஒப்படைப்பதும், காரை, கல்லமேடு போன்ற இடங்களைச் சாத்தனூரைப் போல வேலியிட்டுக் காப்பதும், கொள்ளிடத்து மணலில் கைவைக்காதிருப்பதும் தள்ளிப்போடக் கூடாத கடமைகள். கார்டு லைனில் திருச்சிக்கும் மதுரைக்கும் விரைபவர்கள் ஒருமுறையேனும் அரியலூரில் இறங்கட்டும். வாரணவாசியில் தொடங்கித் திருமழபாடி வரை தெற்கு நோக்கிச் செல்லட்டும். அந்தச் சிறு தொலைவுக்குள் பார்க்க வேண்டியவை அத்தனை இருக்கின்றன.